சுவரேறிய ஓதம்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் 'ஓதம்' என்ற சொல்லைப் புரட்டினால் கடல், அலை, வெள்ளம், ஈரம், அண்டவாதம் என்று பொருள்கள் வரும். கடலும் விரைவீக்கமும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடியேறின? 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அகராதி அது. பொருள்களை அடுக்கித் தந்தவர்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போன வழியைச் சொல்லவில்லை. அந்த வழியைத் தேடித்தான் புறப்பட்டேன்.

கடல் பக்கத்துத் துப்பு எளிதில் கிடைத்தது. சங்க நெய்தல் பாடல்களில் ஓதம் என்பது பொங்கிக் கரைக்கும் கழிக்கும் ஏறிவரும் கடல்நீர். நிகண்டுகள் அதைக் கடலின் பெயர்களோடு சேர்த்தன. இன்றைய பள்ளிப் புவியியல் பாடநூலிலும் உயர் ஓதம், தாழ் ஓதம் என்று அது பிழைத்திருக்கிறது. நீர் ஏறுவதுதான் இந்தச் சொல்லின் உயிர் என்று குறித்துக்கொண்டேன்.

ஈரம் என்ற பொருளுக்கு ஏட்டைவிடக் கொத்தனார்தான் நல்ல சாட்சி. நாகப்பட்டினத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. சுவரின் அடிப்பகுதியில் பூச்சு பொரிந்து நின்றது. கொத்தனார் கரணை விளிம்பால் சுரண்டினார். கொட்டிய வெள்ளைத் தூளை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்புங்க" என்றார். "ஓடு ஒழுகுனா கறை மேலேர்ந்து இறங்கும். இது கீழேர்ந்து ஏறுது. ஓதம்." முழங்காலுக்குச் சற்று மேலே கறை நின்றுபோயிருந்தது.

அவர் சொன்னது இயற்பியலோடு அப்படியே பொருந்துகிறது. செங்கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்துளைகள் வழியாக மண்ணின் நீர் மேலே ஏறுகிறது. பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரம் வரை. நீர் ஆவியாகும் இடத்தில், அதில் கரைந்திருந்த உப்பு படிகமாகிப் பூச்சைப் பிளக்கிறது.

பிறகு வழக்கைச் சோதித்தேன். நனைந்த துணியில் ஓதம் என்று யாரும் சொல்வதில்லை, அது ஈரம். மழைக்காலத்து அப்பளம் நமத்துப்போகும். அதற்கும் ஓதம் வராது. கூரையில் வந்தால் ஒழுக்கு, குழாய் மூட்டில் வந்தால் கசிவு. "தரை ஓதமா இருக்கு, பாயப் போட்டுப் படு" என்று பாட்டிமார் சொல்வதில் மட்டும் அந்தச் சொல் அச்சுப் பிசகாமல் உட்காருகிறது. நிலத்திலிருந்து ஊறி ஏறும் நீருக்கே அந்தப் பெயர். கரையில் ஏறினாலும் சுவரில் ஏறினாலும் ஓதம் ஓதம்தான்.

விதைப்பையில் நீர் கோத்து வீங்கும் நோயும் இந்த வழியிலேயே பெயர் பெற்றிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அங்கும் நீர் தானாகச் சேர்ந்து பெருகுகிறது. யானைக்கால் நோய்க் கிருமியைக் கொசு பரப்பிய ஊர்களில் அது பலரும் அறிந்த துன்பமாக இருந்தது.

இப்போது எல்லாவற்றையும் 'ஈரப்பதம்' விழுங்கிக்கொண்டிருக்கிறது. காற்றில் உள்ள நீராவிக்கும் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் என்று வரம்பு கட்டும் நெல்லின் ஈரத்துக்கும் அது சரியான சொல். சுவருக்குச் சரியல்ல. ஓதத்தை வெறும் ஈரம் என்று நினைப்பவர் சுண்ணாம்பைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசுகிறார். ஆவியாக வழியில்லாத நீர் இன்னும் மேலே ஏறுகிறது. கடைக்காலுக்கு மேலே நீர்த்தடுப்புப் படலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர், பெயிண்ட் கடைக்குப் போகிறார்.

அகராதி தொகுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பதிப்பில் ஓதத்துக்கு நேரே 'ஈரம்' என்று மட்டும் போடாதீர்கள். 'நிலத்திலிருந்து சுவரிலும் தரையிலும் ஊறி ஏறும் ஈரம்' என்று எழுதுங்கள்.