சாம்பல் இழுத்த கல்

ஒல்லாந்தர் 1703ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து தோரமல்லிக் கற்களை ஊருக்குக் கொண்டுபோனார்கள். சூடேற்றினால் அந்தக் கல் மின்னேறி, சாம்பலைத் தன் பக்கம் இழுக்கும். 1880இல் பாரிஸில் பியர் கியூரியும் அண்ணன் ஜாக்கும் தோரமல்லி, குவார்ட்ஸ் முதலான படிகங்களை அழுத்திப் பார்த்தார்கள். சூடில்லாமலே மின்சாரம் பிறந்தது. மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும் என்பதும் அடுத்த வருஷமே தெரிந்துவிட்டது.

இன்று வயிற்றில் ஜெல் பூசி ஸ்கேன் பண்ணும் கருவியின் உயிர் அந்த அதிர்வுதான். முதலில் அது போருக்குப் போனது. 1917இல் பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் லாஞ்செவன் குவார்ட்ஸை அதிரவைத்து, அதில் எழுந்த ஒலியால் நீர்மூழ்கிகளைத் தேடினார். பிறகு இரும்பில் விரிசல் தேடும் தொழிற்சாலைகளுக்குப் போனது. அங்கிருந்து கிளாஸ்கோ மகப்பேற்று மருத்துவர் இயன் டொனால்ட் அதை வயிற்றுக்குக் கொண்டுவந்தார். 1958இல் அவருடைய கட்டுரை வெளியானது.

சுவாசப்பையின் வாசலில் மட்டும் நெடுங்காலம் காத்து நின்றது. காற்றைக் கண்டால் ஒலி திரும்பிவிடும், வருவதெல்லாம் பொய்க்கோடு என்று பாடநூல்கள் கைவிரித்திருந்தன. பிரான்ஸின் டானியல் லிக்டென்ஸ்டைன் அந்தப் பொய்க்கோடுகளையே வாசிக்கத் தொடங்கினார். சுகமான சுவாசப்பையில் மூச்சோடு சேர்ந்து ஒரு வெள்ளைக் கோடு வழுக்கும். அதன் கீழே கிடைக்கோடுகள் அடுக்காய்த் தெரியும். உள்ளே நீர் கோத்தால் திரையின் அடிவரை செங்குத்தாக ஒளிக்கீற்றுகள் இறங்கும். வெளிச்சவ்வில் நீர் தேங்கினால் கறுப்பு. மூச்சு இயந்திரத்தில் கிடப்பவரை சி.டி. அறைக்கு உருட்டிப்போவதே ஆபத்து. கட்டிலருகே இதைப் பார்க்க ஒருசில நிமிஷம் போதும். 2008இல் அவர் வெளியிட்ட ஆய்வில், மூச்சுத்திணறலோடு வந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் காரணம் சரியாகப் பிடிபட்டது. கருவி எப்போதோ தயார். தடையாய் நின்றது நம்பிக்கைதான் என்பேன்.

கொழும்பில் இந்த ஸ்கேனின் அருமையை உணர்த்தியது டெங்கு. 2017இல் நாடெங்கும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் பதிவானார்கள். பாமன்கடையில் நாங்கள் நுளம்புக்காகக் கால்வாயைத் திட்டுவோம். டெங்கு பரப்பும் நுளம்புக்கோ பீலியிலும் பூச்சட்டியிலும் தேங்கிய தெளிந்த நீரே போதும்.

டெங்கு முற்றினால் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். பெரும்பாலும் வலப்பக்கச் சுவாசப்பையைச் சுற்றியும் ஈரலின் கீழும் தேங்கும். ஸ்கேனில் அந்தக் கறுப்பு தெரிந்தால் ஆபத்துக் கட்டம் தொடங்கிவிட்டது என்று பொருள். 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். சேலைன் குறைந்தால் இரத்த அழுத்தம் விழும். கூடினாலோ, கசிந்த நீர் குழாய்க்குத் திரும்பும்போது சுவாசப்பை நனைந்து, அந்தச் செங்குத்துக் கீற்றுகள் தோன்றும். அதனால் இலங்கையில் கணக்கு இறுக்கமானது: வளர்ந்தவர் எவ்வளவு பருமனானாலும் 50 கிலோவுக்கு மேல் கணக்கிடுவதில்லை, ஆபத்துக் கட்டம் முழுவதற்கும் 4,600 மில்லிலீற்றர். வீட்டிலிருந்து மாமி கொண்டுவரும் செவ்விளநீரும் அதற்குள்தான் அடங்கும். தாதி அதையும் அளந்து எழுதிக்கொள்வார்.