மூத்தாளுக்குப் படையல், முதல் கணவனுக்கு ஆணி: கிள்ளான் பள்ளத்தாக்கில் அமானுஷ்யக் காதல் கதைக்கு ஓர் இலக்கணம்

1. சிக்கல்

துணையை இழந்த ஒருவர் மீண்டும் காதல் கொள்கிறார். இறந்தவரின் ஆவி அந்தக் காதலுக்குள் வந்து நிற்கிறது. அமானுஷ்யக் காதல் கதைகளில் பலமுறை எழுதப்பட்ட கரு இது. மேலைநாட்டுக் கதைகளில் இது பெரும்பாலும் ஒரே விதமாக முடியும்: ஆவி விடைபெற்றுப் போகும், இருப்பவர் புது வாழ்வைத் தொடங்குவார். கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ வாழும் தமிழ் வாசகருக்கு இம்முடிவு அந்நியமானது. நம் வீடுகளில் இறந்தவர்கள் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. தீபாவளிக்கு முதல்நாள் அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போடுகிறோம். கல்யாணத்துக்கு முன்பும் படைக்கிறோம். அப்படியானால் மறுமணத்தின்போது இறந்தவரின் இடம் எது? மறுமணம் செய்யும் ஆணின் இறந்த மனைவிக்கு நம் மரபு வீட்டுக்குள் இடம் வகுத்திருக்கிறது; மறுமணம் செய்யும் பெண்ணின் இறந்த கணவனுக்கு வகுக்கவில்லை. இக்கருவைத் தமிழில் எழுதுவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டியது இந்த ஏற்றத்தாழ்வைத்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. மனைவியை இழந்த ஆண்

வட தமிழகக் குடும்பங்களில் சுமங்கலியாக இறந்த பெண் பூவாடைக்காரியாக வணங்கப்படுகிறாள். வீட்டில் திருமணம் நிச்சயமானால் பம்பைக்காரரை வைத்து நீர்நிலைக்குப் போய், அவளைக் கரகத்தில் அழைத்து வந்து, புதுப்புடவையும் பூவும் வைத்துப் படைப்பார்கள். அவள் யார் மீதாவது இறங்கிப் பேசிய பிறகே கல்யாண வேலை நிம்மதியாக நடக்கும். இவ்வழக்கத்தைச் செஞ்சி வட்டாரத்தில் ஆராய்ந்த இசபெல் நபோகோவ் 2000இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிவு செய்தார். மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழரில் கணிசமானோர் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டத்தார் என்பதால் இந்த மரபு நமக்கு நெருங்கிய உறவு.

இதன் வேர் இன்னும் ஆழமானது. பெரியபுராணத்தில் புனிதவதியை விட்டு நீங்கிய பரமதத்தன் பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணக்கிறான். பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே வைக்கிறான். பின்னர் அவளைக் கண்டதும் இரண்டாம் மனைவியோடும் மகளோடும் காலில் விழுகிறான். அதற்குப் பிறகே அவள் பேயுரு வேண்டிப் பெற்றுக் காரைக்கால் அம்மையார் ஆகிறாள். இங்கே பிரிவுக்குக் காரணம் மரணமன்று. ஆனாலும் அமைப்பு ஒன்றுதான்: மூத்தாள் தெய்வமாகிறாள், இளையாள் அவளை வணங்கிக் குடும்பத்துக்குள் நிலைபெறுகிறாள். இரண்டாம் காதலும் குற்றமாகாமல் தப்புகிறது.

3. கணவனை இழந்த பெண்

பெண்ணின் நிலை வேறு. அதே பம்பைக்காரர்தான் பேயும் ஓட்டுகிறார். நபோகோவின் ஆய்வில் இளம் மனைவியரைப் பிடிப்பவை பெரும்பாலும் ஆசை நிறைவேறாமல் அகாலத்தில் இறந்த ஆண்களின் ஆவிகள். பிடித்தவனை விரட்டுவதற்கு வழக்கில் உள்ள முறை, பெண்ணின் முடிக்கற்றையை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடிப்பது. மறுமணம் செய்தவளின் முதல் கணவன் ஆவியாக வந்தால் அவனுக்கும் இந்த வரிசைதான் கிடைக்கும். வேறு சடங்கு அவனுக்கென்று இல்லை. மலாய் மரபின் பொந்தியானாக்கும் இங்கே நினைவுக்கு வருகிறாள். பி. என். ராவ் 1957இல் இயக்கிய படத்தின் வழியே திரையில் புகழ்பெற்ற அந்தப் பெண்பேயின் பிடரியில் ஆணி அறைந்தால் அவள் மனைவியாகிவிடுவாள் என்பது நம்பிக்கை. இரு மரபுகளிலும் ஆவியின் ஆசையை அடக்குவது ஆணிதான்.

இலக்கியம் இன்னொரு வழியைக் கண்டது: மறுபிறவி. மணிமேகலையின் மனம் உதயகுமரன் பால் சாய்கிறது. மணிபல்லவத்தில் அதற்குக் காரணம் தெரிகிறது. முற்பிறவியில் பாம்பின் நஞ்சால் இறந்த அவள் கணவன் இராகுலனே அவன். உதயகுமரன் வெட்டுண்டு கிடக்கும்போது அவள் அழுது நெருங்க, கந்திற்பாவை தடுக்கிறது. 1963இல் வந்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’ முதல் திரைப்படங்களும் இப்பிறவித் தொடர்ச்சியை விரும்பிக் கையாண்டுள்ளன. இதில் மறைந்திருக்கும் விதியைக் கவனிக்க வேண்டும். பெண் மீண்டும் காதலிக்கலாம். ஆனால் அவன் அதே ஆளாக இருக்க வேண்டும். மறுபிறவிக் கதை இரண்டாம் காதலைப் பேசுவதுபோல் தோன்றி, உண்மையில் அதைத் தவிர்த்துவிடுகிறது.

4. சயாம் விட்டுச்சென்ற கேள்வி

இம்மண்ணில் இக்கேள்வி வெறும் கற்பனை அல்ல. 1942–43இல் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைத்துப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டார்கள். பெருந்தொகையினர் காலராவுக்கும் பட்டினிக்கும் பலியாகித் திரும்பவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அத்துயரைச் சொல்கின்றன. காட்டில் இறந்தவனுக்கு ஊரில் பிணமில்லை, கொள்ளியில்லை, கருமாதிக்கு நாளில்லை. அவன் மனைவி கைம்பெண்ணா, காத்திருப்பவளா?

மணிமேகலையின் ஆதிரைக்கும் இதே நிலை வந்தது. கப்பல் உடைந்து கணவன் சாதுவன் மாண்டான் என்று கேட்டுத் தீப்பாய்ந்தாள், தீ சுடவில்லை, அவன் உயிரோடிருப்பதை அசரீரி அறிவித்தது. தோட்டத்து லயத்தில் இருந்தவளுக்கு எந்தக் குரலும் வரவில்லை. அவள் மறுபடி ஒருவனோடு வாழத் துணிந்தால், அவ்வீட்டு வாசலில் நிற்கும் ஆவிக்கு ஆணியடிப்பது அநீதி. அவன் பழிவாங்க வந்த பேய் அல்லன். கடைசிச் சடங்கு கிடைக்காத கணவன். மலேசியத் தமிழில் அமானுஷ்யக் காதல் கதை எழுத இதைவிட உரிய களம் எனக்குத் தெரியவில்லை.

5. மறுப்பும் விடையும்

இறந்த கணவனுக்கு இடம் தந்தால், பெண்ணின் வாழ்வைத் தடுக்கும் உரிமையை அவனுக்குக் கொடுத்ததாகாதா? வலுவான மறுப்பு இது. யாங்சி சூ 2013இல் வெளியிட்ட ‘பேய் மணமகள்’ நாவல் அந்த ஆபத்தைத்தான் காட்டுகிறது. 1893இன் மலாக்காவில் இறந்துபோன ஒருவனுக்கு உயிருள்ள பெண்ணை மணமுடிக்கக் கேட்கிறார்கள். இறந்தவனை மறுக்கும் உரிமை அவளுக்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பூவாடைக்காரி வழிபாட்டைக் கூர்ந்து பார்த்தால், அங்கே கல்யாணம் முன்பே நிச்சயமாகிவிடுகிறது. அதன் பின்னரே இறந்தவள் அழைக்கப்படுகிறாள். அதாவது முடிவு இருப்பவருடையது, மரியாதை இறந்தவருக்குரியது. இந்த வரிசையைக் கணவனுக்கும் பொருத்துவதில் ஆபத்தில்லை.

ஆவி வருவது மனநோயின் அறிகுறி என்பார்க்கும் விடையுண்டு. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டியூவி ரீஸ் துணையிழந்த 293 பேரிடம் நடத்தி 1971இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ பாதிப்பேர் இறந்த துணையின் இருப்பை உணர்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் அதை அதற்கு முன் எவரிடமும் சொன்னதில்லை. சொல்ல முடியாத அவ்வனுபவத்துக்கு மொழி தருவது கதையின் வேலை.

6. முடிவு

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளுக்கு வந்தபோது புளியமரம் பின்தங்கிவிட்டது. சுவரில் மாலையிட்ட படம் கூடவே வந்தது. ஆவியை விரட்டி அனுப்ப ஊரெல்லை இல்லாத வீட்டில், அதனோடு உறவு பேசித்தான் ஆக வேண்டும். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் துணையிழந்த ஆணையும் பெண்ணையும் மறுமணத்துக்கு ஒரேபோல் உரியவர்களாக வைத்திருக்கிறது. சடங்கு அந்தச் சமத்துவத்தை இன்னும் எட்டவில்லை. மறுமணம் செய்யும் பெண் தன் முதல் கணவனையும் பெயர் சொல்லி அழைத்து, இரண்டாம் கணவனோடு சேர்ந்து படைக்கும் ஒரு கதையை நம் எழுத்தாளர்கள் அச்சமின்றி எழுத வேண்டும். கதையில் பழகிய வழக்கத்தை நாளை ஒரு குடும்பம் தன் வீட்டில் துணிந்து செய்யும்.