மோட்டார் கார் சாவி

மோட்டார் கார் சாவி கதவைத் திறக்கிறது. ஸ்டீயரிங்கின் பூட்டை விடுவிக்கிறது. இன்ஜினுக்கும் மற்ற மின்கருவிகளுக்கும் மின்சாரம் போக வழிவிடுகிறது. இந்த மூன்று வேலைகளும் ஒரே சாவியில் வந்து சேர ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின. தொடக்கத்தில் அது பூட்டுக்கான சாவியாகவே இல்லை. ஒரு மின்சுவிட்சின் கழற்றக்கூடிய பிடி, அவ்வளவுதான். திருட்டைத் தடுக்கும் பொறுப்பு பிறகு அதன்மேல் ஏறியது, உயிரைக் காக்கும் பொறுப்பு அதற்கும் பிறகு. இந்த இரண்டு பொறுப்புகளும் எப்போதும் ஒத்துப்போகவில்லை. திருடனை நிறுத்தச் செய்த ஏற்பாடு உள்ளே இருப்பவரைத் தொல்லைப்படுத்தியதும், ஓட்டுநரின் வசதிக்காகச் செய்த ஏற்பாடு திருடனுக்கு உதவியதும் இந்த வரலாற்றில் பலமுறை நடந்திருக்கின்றன.

ஹேண்டில் காலம்

1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டிக்குச் சாவி கிடையாது. பின்புறம் படுக்கைவாக்கில் இருந்த பெரிய ஃப்ளைவீலைக் கையால் சுழற்றி இன்ஜினை உயிர்ப்பித்தார்கள். அதற்குப் பின் வந்த கார்களில் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றும் முறை நிலைத்தது. தமிழ்நாட்டில் பழைய லாரிகளையும் பஸ்களையும் கிளீனர்கள் இப்படிச் சுற்றிக் கிளப்பியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது பலசாலிக்கும் ஆபத்தான வேலை. தீப்பொறி உரிய நேரத்துக்கு முன்பே விழுந்துவிட்டால் இன்ஜின் பின்னோக்கி உதைக்கும். ஹேண்டில் திரும்பி வந்து மணிக்கட்டை முறிக்கும். அப்போது ஏற்படும் ஒருவகை ஆரை எலும்பு முறிவு, மருத்துவப் பாடநூல்களில் கார் ஓட்டுநரின் பெயரால்தான் இன்றைக்கும் குறிக்கப்படுகிறது.

அந்தக் கார்களை நிறுத்த, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவை எர்த் செய்தால் போதும், ஓட்ட வேண்டுமானால் அந்த இணைப்பை விலக்கினால் போதும். பேட்டரியும் காயிலும் இருந்த வண்டிகளில் ஒரு சுவிட்ச். வண்டியை விட்டு இறங்கும்போது சுவிட்சின் பிடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வது பாதுகாப்பு எனக் கருதப்பட்டது. 1908 முதல் 1927 வரை விற்ற ஃபோர்டு மாடல் டி காரின் சாவி இந்த மனப்போக்குக்கு நல்ல சான்று. 1919 வாக்கில் மின்ஸ்டார்ட்டருடன் வந்த வண்டிகளின் சாவிகளுக்கு 51 முதல் 74 வரை எண்கள் உண்டு. ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்ற மாடலுக்கு மொத்தம் 24 வகைச் சாவிகள்! போதாக்குறைக்கு எந்த எண் சாவி பொருந்தும் என்பதைச் சுவிட்சின் முகப்பிலேயே பொறித்திருந்தார்கள். தொலைந்த சாவிக்குப் பதில் கடையில் எண்ணைச் சொல்லி வாங்கிக்கொள்ள வாடிக்கையாளருக்கு அது வசதி. அந்த வசதி யாருக்கெல்லாம் பயன்பட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மாநில எல்லை தாண்டிக் கடத்தப்படும் திருட்டு வண்டிகளைப் பற்றி அமெரிக்கா 1919-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

செல்ஃப் ஸ்டார்ட்டரும் ஐந்து நிலைச் சாவியும்

ஹேண்டிலுக்கு மாற்றைக் கண்டவர் சார்லஸ் கெட்டரிங். ஓஹையோவின் டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி இயந்திரங்களுக்கு மின்மோட்டார் பொருத்தும் வேலையில் இருந்தவர் அவர். கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுதும் ஓட வேண்டியதில்லை. ஒரு கணம் பலமாக இழுத்துவிட்டு நின்றால் போதும். ஆகவே சின்ன மோட்டாரிடமே அதன் தாங்குதிறனுக்கு மீறி வேலை வாங்கலாம், அது சூடேறுவதற்குள் காரியம் முடிந்துவிடும். இந்தக் கணக்கைத்தான் அவர் காருக்குக் கொண்டுபோனார். 1912-ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்கள் செல்ஃப் ஸ்டார்ட்டரோடு வந்தன. ஆயினும் சாவியின் வேலை அப்போதும் சுவிட்சைப் போடுவதோடு முடிந்தது. செல்ஃபை இயக்கத் தரையிலோ டேஷ்போர்டிலோ தனி பொத்தான் இருந்தது.

இரண்டையும் ஒரே திருப்பத்தில் சேர்த்தது 1949-இல் கிரைஸ்லர். சாவியை ஒரு நிலைக்குத் திருப்பினால் இக்னீஷன். இன்னும் சற்றுத் திருப்பிப் பிடித்தால் செல்ஃப். விட்டதும் ஸ்பிரிங் அதைப் பழைய நிலைக்கு இழுத்துக்கொள்ளும். பின்னாளில் பூட்டு, ஆஃப், ரேடியோ முதலிய கருவிகள், ஆன், ஸ்டார்ட் என்று ஐந்து நிலைகள் அமைந்தன. ஆன் நிலையில் டேஷ்போர்டின் எச்சரிக்கை விளக்குகள் ஒட்டுமொத்தமாக எரிந்து அணைவது அலங்காரமல்ல. பிரேக், ஆயில், காற்றுப்பை முதலியவற்றைக் கார் தானே சோதித்துப் பார்க்கும் நேரம் அது. எரியாமலே இருக்கும் விளக்கும், இன்ஜின் கிளம்பிய பின்னும் அணையாமலே இருக்கும் விளக்கும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியவை.

ஸ்டீயரிங் பூட்டு

மின்சுவிட்சை மட்டும் பூட்டியதில் ஓட்டை இருந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் கைவிட்டு இரண்டு வயர்களைச் சேர்த்துவிட்டால் சாவியே வேண்டாம். அதனால் ஸ்டீயரிங்கையே அசையாமல் நிறுத்தும் பூட்டு ஐரோப்பாவில் பரவியது. மேற்கு ஜெர்மனி 1961-இல் புதிய கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல்களில் சாவித்துளையை டேஷ்போர்டிலிருந்து ஸ்டீயரிங் தண்டுக்கு மாற்றியது. 1970 ஜனவரி முதல் அங்கே அரசு விதியும் வந்தது. அந்த விதி காவல்துறையின் விதியல்ல, வாகனப் பாதுகாப்பு விதி என்பது கவனிக்கத்தக்கது. திருடிய வண்டியை ஓட்டுபவன் விபத்து செய்ய வாய்ப்பு மிக அதிகம், எனவே திருட்டைத் தடுப்பதும் உயிர்காப்பே என்பது அதன் வாதம். ஒரு வகை வண்டிக்குக் குறைந்தது 1,000 வெவ்வேறு சாவி அமைப்புகளாவது வேண்டும் என்றும், சாவியைத் துளையில் விட்டுவிட்டு ஓட்டுநர் கதவைத் திறந்தால் கார் ஓசை எழுப்ப வேண்டும் என்றும் அது சொன்னது.

ஓடும் காரில் ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற கவலையும் கூடவே வந்தது. சாவியை உள்ளே அழுத்தினால்தான் பூட்டு நிலைக்குத் திரும்பும், ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர் பார்க்கிங் நிலையில் இருந்தால்தான் சாவி வெளியே வரும் என்பன போன்ற தடைகள் அந்தக் கவலையின் விளைவு. சாப் 99 காரில் சாவித்துளை முன் இருக்கைகளுக்கு இடையே இருந்தது. ரிவர்ஸ் கியரில் போட்டால்தான் சாவி கழலும். நிறுத்திய வண்டியில் சாவி திரும்ப மறுப்பது பெரும்பாலும் பழுதல்ல. சக்கரம் ஒருபுறம் திரும்பியபடி நின்றிருப்பதால் பூட்டின் நாக்கு இறுகியிருக்கும். ஸ்டீயரிங்கை லேசாக இருபுறமும் அசைத்தபடி திருப்பினால் இளகிவிடும். பலம் போட்டால் சாவிதான் வளையும்.

சீட் பெல்ட் போட்டால்தான் ஸ்டார்ட்

சாவிக்கும் உயிர்காப்புக்கும் நேரடி முடிச்சுப் போடும் முயற்சி அமெரிக்காவில் 1974 மாடல் கார்களில் நடந்தது. வோல்வோவின் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை பெல்ட் 1959 முதல் கார்களில் இருந்தும் மக்கள் அதை மாட்டிக்கொள்ளவில்லை. ஆகவே, முன் இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிய பிறகுதான் செல்ஃப் வேலை செய்யும்படி கார்களைச் செய்ய விதி ஏற்பட்டது. எடையை உணரும் சுவிட்சுக்கு மனிதருக்கும் மளிகைப் பைக்கும் வேறுபாடு தெரியாது. பக்கத்து இருக்கையில் கனமான பையை வைத்தாலும் அதற்குப் பெல்ட் போட வேண்டியிருந்தது. நாய் ஏறி உட்கார்ந்தாலும் அப்படியே. மக்கள் கொதித்தார்கள். பலர் வயரை வெட்டிவிட்டார்கள். 1974 அக்டோபரில் நாடாளுமன்றம் இந்த ஏற்பாட்டைக் கட்டாயப்படுத்தக் கூடாது எனச் சட்டம் இயற்றியது. பெல்ட் நினைவூட்டும் ஓசையும் எட்டு விநாடிக்கு மேல் கட்டாயமாக ஒலிக்கக் கூடாது என்றது. அந்த எட்டு விநாடி வரம்பு நீங்க 2012 ஆயிற்று. நோக்கம் சரி, கருவி முரட்டுத்தனமானது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெல்ட் இல்லாமல் இறந்தவர்களை எண்ணிப் பார்த்தால், அந்த வெற்றியைப் பொதுமக்களின் வெற்றி என்று கொண்டாட மனம் வரவில்லை.

சாவிக்குள் சில்லு

வெட்டுப்பற்களை யாரும் நகலெடுக்கலாம். 1986 மாடல் கார்வெட் காரில் சாவியின் தண்டில் ஒரு மின்தடை பதிக்கப்பட்டது. 15 மதிப்புகளில் ஒன்று பொருந்தினால்தான் இன்ஜின் கிளம்பும். 1990-களில் அதன் இடத்துக்கு ரேடியோ சில்லு வந்தது. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அனுப்பும் காந்த அலையிலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன் அடையாளத்தைத் திருப்பிச் சொல்லும்; பேட்டரி தேவையில்லை. அடையாளம் சரியில்லையென்றால் பெட்ரோலும் தீப்பொறியும் நிறுத்தப்படும். இம்மொபிலைசர் எனப்படும் இந்தக் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் 1998-இலும், ஆஸ்திரேலியா 2001-இலும், கனடா 2007-இலும் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கின. நெதர்லாந்தில் இதனால் கார் திருட்டு சுமார் 40 விழுக்காடு குறைந்ததாகப் பொருளியல் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. சில்லுகளும் உடைக்க முடியாதவை அல்ல. 2005-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தாரும் பரவலாகப் பயன்பட்ட ஒரு சில்லின் 40 பிட் சங்கேதத்தைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள்.

அமெரிக்கா இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கவில்லை. விலையைக் குறைக்க ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அங்கே விற்ற பல மாடல்களில் இம்மொபிலைசரைச் சேர்க்கவில்லை. 2021-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியில் பதின்வயதுப் பையன்கள் இதைக் கண்டுகொண்டார்கள். சாதாரண யூஎஸ்பி வயரின் முனையே அவர்களுக்குச் சாவியாயிற்று. காணொளிகள் வழியே அது நாடெங்கும் பரவியது. விபத்துகளும் சாவுகளும் நேர்ந்தன. 2023 பிப்ரவரியில் நிறுவனங்கள் ஏறத்தாழ 83 லட்சம் வண்டிகளுக்கு மென்பொருள் திருத்தம் அறிவித்தன. எல்லைக்கு வடக்கே, கனடாவில், அதே மாடல்கள் சில்லோடு விற்கப்பட்டதால் அங்கே இந்தத் தொல்லை எழவில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்கக் கார்களுக்கு 1920-கள் முதல் பூட்டும் சாவியும் செய்து கொடுத்துப் பெயர்பெற்ற பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் ஊர் இதே மில்வாக்கிதான்.

கனமான சாவிக்கொத்து

சாவி மரணத்துக்குக் காரணமான மிகப் பெரிய வழக்கு ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே கோபால்ட் முதலிய கார்களைப் பற்றியது. இவற்றின் இக்னீஷன் சுவிட்சை ஆன் நிலையில் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கும் முளையும் தேவையான அளவுக்கு வலுவாக இல்லை. மேடுபள்ளத்தில் குலுங்கும்போதோ, ஓட்டுநரின் முழங்கால் இடிக்கும்போதோ, கனமான சாவிக்கொத்தின் எடையாலோ சாவி தானாகத் திரும்பி இன்ஜின் அணைந்தது. அதோடு பவர் ஸ்டீயரிங்கும் பிரேக்கின் துணைவிசையும் போயின. எல்லாவற்றுக்கும் மேலாக, மோதும் நேரத்தில் காற்றுப்பை விரியவில்லை. இக்னீஷன் அணைந்த காரை நிறுத்தி வைத்த கார் என்றே அது எடுத்துக்கொண்டது. 2006 வாக்கில் சுவிட்சைச் சத்தமில்லாமல் திருத்தியவர்கள் அதன் பாக எண்ணை மாற்றவில்லை. அதனால் பழையதும் புதியதும் ஒரே பொருளாகத் தோன்றி, விசாரித்தவர்களைப் பல ஆண்டுகள் குழப்பின. 2014-இல்தான் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பழுதைச் சரிசெய்யும் வரை வளையத்தில் இக்னீஷன் சாவி தவிர வேறெதையும் மாட்ட வேண்டாம் என்பது வாடிக்கையாளருக்குக் கிடைத்த அறிவுரை. சாவியின் தலையில் இருந்த நீள்துளையை வட்டத் துளையாக்குவது திருத்தங்களில் ஒன்று. வளையம் ஒருபக்கம் சரிந்து நெம்பாது. இழப்பீட்டு நிதியம் 124 சாவுகளை ஏற்றுக்கொண்டது. 2015-இல் அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நிறுவனம் 90 கோடி டாலர் கட்டியது.

துளையில்லாச் சாவி

1982-இல் ரெனோ ஃபூயகோ காரில் ரிமோட் பூட்டு வந்தது. 1990-களின் இறுதியில் மெர்சிடீஸ் எஸ் கிளாஸ் சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தி ஓட்டும் முறையைக் கொண்டுவந்தது. திருப்புவது போய் அழுத்துவது வந்ததில் சில பழைய பாடங்கள் தொலைந்தன. சாவியை ஆஃபுக்குத் திருப்பினால் இன்ஜின் உடனே அணையும் என்று மூன்று தலைமுறை ஓட்டுநர்களுக்குக் கை பழகியிருந்தது. 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ அருகே ஆக்சிலரேட்டர் சிக்கிய ஒரு லெக்சஸில் நான்கு பேர் இறந்தார்கள். ஓடும்போது அந்த வண்டியை அணைக்கப் பொத்தானை மூன்று விநாடி விடாமல் அழுத்த வேண்டும். ஒருமுறை தட்டினால் அணையாது. அது பிறகுதான் பரவலாகத் தெரிய வந்தது. வீட்டோடு ஒட்டிய கராஜில் ஓசையில்லாமல் ஓடும் இன்ஜினை அணைக்க மறந்து, கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்தவர்களும் அமெரிக்காவில் உண்டு.

திருடர்களுக்கும் இது புது வழி திறந்தது. கார் மெல்லிய அலையில் அழைக்கும், சாவி பதிலளிக்கும். சாவி பக்கத்தில் இருப்பதாகக் கார் நம்பும். வீட்டுக்குள் மேசைமேல் இருக்கும் சாவியின் அலையை இரண்டு கருவிகளால் வாங்கிக் காருக்குக் கடத்திக் கொடுத்தால் அந்த நம்பிக்கை பொய்யாகிவிடும். சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தார் 2011-இல் 10 மாடல் கார்களில் இதைச் செய்து பார்த்தார்கள், பத்தும் திறந்தன. இப்போது அலை போய்வரும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணிக்கும் சாவிகளும், சிறிது நேரம் அசையாவிட்டால் தூங்கிவிடும் சாவிகளும் வந்திருக்கின்றன. பேட்டரி தீர்ந்துபோனால் திறக்க ரிமோட்டுக்குள் ஓர் உலோகச் சாவி ஒளிந்திருக்கும். ஸ்டார்ட் செய்ய ரிமோட்டையே பொத்தானை ஒட்டிப் பிடித்தால் பெரும்பாலான மாடல்கள் ஏற்றுக்கொள்ளும்.

இந்தியாவில்

2019 ஜூலை முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களுக்கு ஓட்டுநர் காற்றுப்பை, முன் இருக்கை இரண்டுக்கும் பெல்ட் நினைவூட்டி, வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கும் ஓசை, ரிவர்ஸ் சென்சார் ஆகியவை கட்டாயம். இவற்றோடு அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு: சென்ட்ரல் லாக்கைக் கையால் மீறித் திறக்கும் வழி. விபத்திலோ தீயிலோ மின்சாரம் போனாலும் உள்ளே இருப்பவர் கதவைத் திறக்க முடிய வேண்டும். குழந்தைகள் உள்ளிருந்து திறக்காதபடி பின்கதவின் விளிம்பில் இருக்கும் சின்ன நெம்புகோலைச் சிறுவர் பூட்டு என்கிறோம். அது போட்டிருந்தால் பெரியவரும் அந்தக் கதவை உள்ளிருந்து திறக்க இயலாது; வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும்.

ஆளில்லாமல் வண்டியை விட்டுப் போவதானால் இன்ஜினை அணைத்து, பிரேக்கைப் போட்டு, வண்டி தானாக நகராதபடி செய்துவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு. கார் திருட்டுப் போனதாக இழப்பீடு கேட்பவரிடம் காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியோடு வந்த இரண்டு அசல் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ஒன்று குறைந்தால், சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனாரா என்ற கேள்வி எழுந்து, வழக்கு நுகர்வோர் ஆணையம் வரை நீளுகிறது.