பதினான்கில் ஓர் இடம்: ஓர் உரிமை பறிபோனதும் மீண்டதும்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில், சின்ன வெங்காயத்திற்குப் பெயர்பெற்ற செட்டிகுளத்திலும், அதே பெரம்பலூர் மாவட்டத்தின் லப்பைக்குடிக்காட்டிலும், வி.களத்தூரிலும் பெற்றோர் இ-சேவை மையங்களை நாடிச் செல்கின்றனர். பிள்ளையின் கல்லூரிக் கலந்தாய்வுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். நம் பிள்ளைகளுள் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் சான்றிதழில் ‘பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்’ என்னும் சொற்கள் இடம்பெற்றிருக்கும். வழக்கில் அதனை ‘பி.சி.எம்.’ என்கிறோம். கலந்தாய்வு முடிந்ததும் அத்தாள் பெட்டிக்குள் போய்விடுகிறது.

அந்த மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அரசாணை ஒன்று வழங்கியதை நீதிமன்றம் நீக்கியது; நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தியது; பல பத்தாண்டுகளுக்குப் பின் சட்டமன்றம் வேறு வடிவில் அதனை மீட்டுத் தந்தது. அரசியல் பாடநூல்களில் அமெரிக்காவின் கொடை எனச் சொல்லப்படும் கருத்துகள் நம் வீட்டுப் பிள்ளையின் கல்லூரி இடம்வரை வந்து சேர்ந்த கதை இது.

முதலில் அக்கருத்துகளைச் சுருக்கமாகக் காண்போம். 1787ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் கூடிய அமெரிக்கத் தலைவர்கள், ஆட்சி அதிகாரம் முழுவதும் ஒரே கையில் சேரக்கூடாது என்று கருதினர். சட்டம் இயற்றுவது ஓர் அவை, நடைமுறைப்படுத்துவது நிர்வாகம், வழக்குகளைத் தீர்ப்பது நீதிமன்றம் என மூன்றாகப் பிரித்தனர். ஒன்றை மற்றொன்று கட்டுப்படுத்தவும் வழிசெய்தனர். 1791இல் தனிமனித உரிமைகளைக் காக்கும் பத்துத் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. 1803இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், அரசமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். இந்த அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு என்று அமெரிக்க அரசமைப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. அத்தீர்ப்பே அதனை நிலைநாட்டியது. நம் அரசமைப்பை வகுத்தோரோ 13ஆம் உறுப்பில், அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்று தெளிவாகவே எழுதி வைத்தனர். அவ்வுறுப்பு நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே சென்னை மாகாணம் அதன் வலிமையை உணர்ந்தது.

அன்று செட்டிகுளம் சென்னை மாகாணத்தின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. அம்மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியின்போது 1921இல் முதல் வகுப்புவாரி அரசாணை பிறந்தது. அரசுப் பணிகளில் ஒரு சிலரே நிறைந்திருந்த நிலையை மாற்றுவது அதன் நோக்கம். 1920களின் இறுதியில் அது திட்டமான பங்கீடாயிற்று. பன்னிரண்டு இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பிராமணர்க்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு இரண்டு, கிறிஸ்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியர்க்கு இரண்டு, ஒடுக்கப்பட்டோர்க்கு ஒன்று. 1947இல் இப்பங்கீடு பதினான்காக மாற்றியமைக்கப்பட்டது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்பட்ட இந்துக்களுக்கு இரண்டு, பிராமணர்க்கு இரண்டு, ஆதிதிராவிடர்க்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்க்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களும் இவ்வாறே பகிரப்பட்டன. பன்னிரண்டில் இரண்டு, பதினான்கில் ஒன்றாகக் குறைந்தது. ஆயினும் அந்த ஓரிடம் உறுதியாக இருந்தது.

அதே காலத்தில் டெல்லியில் அரசமைப்பு உருவாகிக்கொண்டிருந்தது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களும், பி. போக்கர் சாஹிப் அவர்களும் முஸ்லிம்களின் பிரதிநிதித்துவத்திற்காகவும் தனியார் சட்டத்திற்காகவும் வாதாடினர். அவர்கள் கொண்டுவந்த திருத்தங்கள் பலவும் தோற்றன. 1949 மே மாதம் மதச் சிறுபான்மையினருக்கான சட்டமன்றத் தொகுதி ஒதுக்கீடும் கைவிடப்பட்டது.

அந்த விவாதங்களுள் நாம் அதிகம் பேசாத ஒன்று உண்டு. அரசுப் பணிகளில் ‘பிற்பட்ட வகுப்பினருக்கு’ ஒதுக்கீடு செய்யலாம் என்னும் விதி 1948 நவம்பர் 30 அன்று விவாதத்திற்கு வந்தது. ‘பிற்பட்டோர்’ என்னும் சொல் சென்னை மாகாணத்தில் குறிப்பிட்ட சில வகுப்பினரையே குறிக்கும் என்று இஸ்மாயில் சாஹிப் எடுத்துரைத்தார். சிறுபான்மையினருள் பின்தங்கியோரும் அதில் அடங்குவர் என்பது தெளிவாக்கப்பட வேண்டும் என்பது அவரது கவலை.

1950 ஜனவரி 26 அன்று அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டே செண்பகம் துரைராஜன் என்னும் பிராமணப் பெண்மணி, மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் வகுப்புவாரி அரசாணை தம் உரிமையைப் பாதிப்பதாகச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். பொறியியல் கல்லூரி தொடர்பாக சி.ஆர். சீனிவாசன் என்பவரும் வழக்குத் தொடுத்தார். அரசமைப்பு வரைவுக் குழுவில் உறுப்பினராயிருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரே அரசாணைக்கு எதிராக வாதிட்டார். உயர் நீதிமன்றம் அரசாணையை நீக்கியது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அதனை உறுதிசெய்தனர்.

தீர்ப்புக்கு அடிப்படையாக அமைந்தது 29ஆம் உறுப்பின் இரண்டாம் பிரிவு. அரசுக் கல்வி நிலையங்களில் மதம், இனம், சாதி, மொழி என்பவற்றை மட்டுமே காரணமாக்கி எவருக்கும் இடம் மறுக்கக்கூடாது என்று அது விதிக்கிறது. அந்த உறுப்பின் தலைப்போ ‘சிறுபான்மையினர் நலப் பாதுகாப்பு’ என்பதாகும். சிறுபான்மையினரைக் காக்கும் உறுப்பில் எழுதப்பட்ட விதியே, முஸ்லிம் மாணவருக்கு இருந்த ஓரிடத்தையும் நீக்கக் காரணமாயிற்று.

அதே நாளில் வெளிவந்த வெங்கடரமணா வழக்கின் தீர்ப்பு அரசுப் பணிகளைப் பற்றியது. ஆதிதிராவிடர்க்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் உரிய ஒதுக்கீடு செல்லும் என்றும், ஏனைய வகுப்புகளின் பங்கீடு செல்லாது என்றும் நீதிமன்றம் கூறியது. முஸ்லிம்களின் பங்கு இங்கும் நீங்கியது. காயிதே மில்லத் அவர்கள் இரண்டரை ஆண்டுகளுக்கு முன் அஞ்சியது அப்படியே நடந்தது.

இவ்விடத்தில் நாம் நீதியோடு பேச வேண்டும். தமக்கும் தம் உறவினருக்கும் எதிராக இருப்பினும் நீதியில் நிலைத்திருக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. தகுதியுள்ள ஒருவர், பிறப்பைக் காரணம் காட்டி என்னை விலக்கலாமா என்று கேட்பது வெறும் வீம்பன்று. தலைமுறைகளாகப் பள்ளி வாயிலைக் காணாத குடும்பத்துப் பிள்ளையை ஒரே தேர்வால் மற்றவரோடு அளப்பது முறையா என்னும் கேள்வியும் அதே அளவு நியாயமானது. இவ்விரண்டையும் எடைபோடவே மூன்று துறைகளும் ஒன்றையொன்று கேள்வி கேட்கும் அமைப்பு தேவைப்படுகிறது.

தீர்ப்பைக் கண்டு தமிழகம் கொதித்தெழுந்தது; பெரியாரின் தலைமையில் கிளர்ச்சிகள் நடந்தன. சென்னையில் நிகழ்ந்தவையே இம்மாற்றத்தை வேண்டச் செய்தன என்று பிரதமர் நேரு நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். 1951 ஜூன் 18 அன்று, தீர்ப்பு வந்த எழுபதாம் நாளில், முதல் அரசமைப்புத் திருத்தம் நிறைவேறியது. சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்னும் 15(4) பிரிவு அதனால் பிறந்தது.

அமெரிக்காவில் இவ்விரைவு இயலாது. அங்குத் திருத்தத்திற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவும், மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கின், அதாவது ஐம்பதில் 38இன், ஒப்புதலும் வேண்டும். இதுவரை 27 திருத்தங்களே நிறைவேறியுள்ளன. 2023 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்ளும் முறையைச் செல்லாது என்று அறிவித்தபோது, அதனைத் திருத்தத்தால் மாற்றுவது எட்டாத செயலாயிற்று. நம் கதவு எளிதில் திறக்கிறது. அதன் வழியே நன்மையும் வரலாம்; தீமையும் வரலாம் என்பதை மறத்தல் ஆகாது.

15(4) பிரிவு மதத்தின் பெயரைச் சொல்லவில்லை; பின்தங்கிய நிலையையே அளவுகோலாக்கியது. எனவே முஸ்லிம்களுக்கு இருந்த தனியிடம் திரும்பவில்லை. லப்பை முதலான பிரிவினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தபோதும், பொதுவான ஒதுக்கீட்டுக்குள் எண்ணற்ற வகுப்பினரோடு போட்டியிட வேண்டியிருந்தது. 2007இல்தான் தமிழக அரசு, பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காட்டை உள்ஒதுக்கீடாகச் சட்டமியற்றி வழங்கியது. அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மற்றும் மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவினர் இதில் அடங்குவர். இருநூறு இடங்களில் ஏழு என்பது இதன் கணக்கு. பதினான்கில் ஒன்றோடு ஒப்பிட்டால் ஏறத்தாழப் பாதியே. எனினும் இதன் அடித்தளம் வேறு. முன்னது மதத்தை மட்டும் கொண்டு வெறும் அரசாணையால் வந்தது. பின்னது பின்தங்கிய நிலையை ஆதாரமாகக் கொண்டு சட்டமன்றத்தின் வழி வந்தது.

இவ்வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதை அண்டை மாநிலம் காட்டியது. கர்நாடகத்தில் முஸ்லிம்கள் பெற்றிருந்த 4 விழுக்காட்டு ஒதுக்கீடு 2023 மார்ச்சில், சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய வேளையில், அரசின் முடிவு ஒன்றால் நீக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்ற பின்னரே அம்முடிவு நடைமுறைக்கு வராமல் நின்றது.

ஆகவே, சகோதர சகோதரிகளே, சான்றிதழைப் பெறுவதோடு நம் கடமை முடிவதில்லை. சட்டமன்றத்தில் எவர் நமக்காகப் பேசுகிறார், வழக்கு வந்தால் நம் பின்தங்கிய நிலையைப் புள்ளிவிவரங்களோடு எடுத்துரைப்பவர் எவர் என்று ஜமாஅத்துகள் கேட்டறிய வேண்டும். சட்டம் படிக்க விரும்பும் பிள்ளையை, ஆணாயினும் பெண்ணாயினும், ஊக்கப்படுத்த வேண்டும். கணக்கெடுப்பு வரும்போது நம் பிரிவைச் சரியாகப் பதிவுசெய்ய வேண்டும். காயிதே மில்லத் அவர்கள் 1948இல் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின. அதனைக் காண அவர்கள் இல்லை. அவர்களுக்காக துஆச் செய்வோம். அவ்விடங்களில் ஒன்றில் அமரப்போகும் நம் பிள்ளைக்கு, இவ்வாண்டு சான்றிதழைக் கையில் கொடுக்கும்போதே இவ்வரலாற்றையும் சொல்லிக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.