ஓவர்லாக்கில் யாரை உட்கார வைப்பது?

ஊத்துக்குளியிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் இரண்டு டெய்லர்கள். ஒருவர் மணிக்கு ஓவர்லாக்கில் 60 பீஸ், பேட்லாக்கில் 50. மற்றவர் 50, 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பீசுக்கும் இரண்டு தையலும் வேண்டும். கெட்டிக்காரரை ஓவர்லாக்கில் உட்கார வைத்தால் மணிக்கு 10 பீஸ்தான் முடியும். இடம் மாற்றினால் 50.

பிரெஞ்சுப் பள்ளியில் வடிவகணிதத்தோடு நாங்கள் கேட்ட பெயர் காஸ்பார் மோன்ஜ். எந்தக் குழி மண்ணை எந்த மேட்டுக்குச் சுமந்தால் மொத்தச் செலவு குறையும் என்று 1781-இல் ஆராய்ந்தவர். ஆளுக்கு வேலை பொருத்தும் முறையை 1955-இல் தந்த அமெரிக்கர் ஹரால்டு கூன், தமக்கு வழிகாட்டிய இரு ஹங்கேரியரை நினைத்து 'ஹங்கேரிய முறை' என்றே பெயரிட்டார். பெரிய மனசு! 1851-இல் மறைந்த ஜெர்மானியர் யாக்கோபியின் லத்தீன் தாள்களில் அதே வழி இருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஷிப்மென்ட் நெருக்கத்தில் நம் மேஸ்திரி இதை மனக்கணக்காகவே போடுகிறார். ஆனால், பீஸ் ரேட் ஒன்றேயானால், 60-ஐ விட்டு 50-க்கு மாறியவருக்குக் குறையும் கூலியை யார் தருவது? அது டீக்கடையில் தனியாக நடக்கும் பேச்சு.