150 மைல் வேகமும் கராச் அண்ணையின் கேள்வியும்

எங்களில் நாலைந்து பேர் ஒரு பின்னேரம் கூடியிருந்து யூரியூப்பில் ஸ்போர்ட்ஸ் கார் விமர்சனம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தோம். மலைப்பாதை, புகை கக்கும் ரயர், வளைவில் சறுக்கிச் சிரிக்கும் விமர்சகர். எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டிருக்க, பக்கத்துக் கராச்சில் வேலை செய்கிற அண்ணை எட்டிப் பாத்திட்டுக் கேட்டார்: "உதுக்குக் கிளச் பிளேட் மாத்த எவ்வளவு முடியும் தம்பியவை? எங்கட ஒழுங்கைக்குள்ள வயிறு தட்டாதோ?"

வீடியோவைத் திரும்ப ஓடவிட்டுப் பாத்தோம். இருபது நிமிடத்தில் அந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை.

உண்மையைச் சொன்னால், இந்தக் கார்களை நாங்கள் விமர்சனமாகத்தான் அறிந்திருக்கிறோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறந்தது. அதற்கு முன்னரும் எங்கள் தெருவால் பெராரி போனதில்லை. ஆகவே விமர்சகர் சொல்வதே எங்களுக்குக் கார். அந்தக் கார்களை வாங்கி, மழையிலும் நெரிசலிலும் தினம் ஓட்டுகிறவர்களுக்கு அது வேறு கதை. இந்த இரண்டு கதைகளும் எப்ப பிரிஞ்சது எண்டு தேடிப்போனதில் கிடைத்தவைதான் இவை.

1961 மார்ச் 15. ஜெனீவா. ஜகுவார் நிறுவனம் தன் ஈ-டைப் காரை உலகுக்குக் காட்டிய நாள். பத்திரிகையாளருக்குக் காட்ட வேண்டிய சாம்பல் நிறக் கார், 9600 எச்.பி. என்ற இலக்கத் தகடோடு, இங்கிலாந்தின் கொவென்ரியிலிருந்து இரவோடிரவாக ஓட்டிவரப்பட்டு மட்டுமட்டாக வந்து சேர்ந்தது. ஓடிப்பார்க்க வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், இரண்டாவது காரையும் இரவிரவாகக் கொண்டுவரும்படி சோதனை ஓட்டுநர் நோர்மன் டூயிசுக்குக் கட்டளை போனது. அவர் ஏறத்தாழ 11 மணித்தியாலத்தில் கொண்டுவந்து சேர்த்தார்.

அதே மாதம் ஓட்டோகார் சஞ்சிகை தன் சோதனை முடிவை வெளியிட்டது: உச்ச வேகம் மணிக்கு 150.4 மைல், அதாவது 242 கிலோமீற்றர். மோட்டோர் சஞ்சிகைக்குக் கிடைத்தது 149.1. விலையோ வரியோடு 2,100 பவுணுக்குள். அதைவிடப் பல மடங்கு விலையான கார்களே தொட முடியாத வேகம் இது. "150 மைல் கார்" என்ற பெயர் அன்றிலிருந்து ஈ-டைப்போடு ஒட்டிக்கொண்டது.

ஆனால் சோதனைக்குக் கொடுக்கப்பட்டது கடையில் விற்கிற கார் இல்லை. அதன் எஞ்சின் மிகக் கவனமாகத் தயார்செய்யப்பட்டிருந்தது. சில்லுகளில் பூட்டியிருந்தவை பந்தய ரயர்கள். காசு கொடுத்து வாங்கியவர்களின் கார்கள் 140ஐத் தாண்டி எங்கேயோ மூச்சுவாங்கி நின்றுவிடும்.

பெரிய ஏமாத்து எண்டு கொதிக்க வேண்டாம். அந்த 150 வாங்கினவனுக்கு எப்படியும் தேவைப்படவில்லை. M1 நெடுஞ்சாலையில் அப்போது வேகக் கட்டுப்பாடு இல்லைத்தான். 70 மைல் எல்லை 1965 டிசம்பரில்தான் வந்தது. ஆனாலும் வேலைக்குப் போகிறவன் எத்தனை நாள் 150ல் போவான்? அவனுக்கு வந்த தொல்லைகள் வேறு. உயரமானவர்களுக்குக் கால் நீட்ட இடமில்லை. இருக்கை மெலிசு, தூரம் போனால் முதுகு முறியும். முதலாம் கியரில் சிங்க்ரோமெஷ் இல்லாததால் ஓடும்போது அதற்கு மாற்றினால் கறகறவென்று அரைக்கும். பிரேக்கை மிதித்தால் மனதுக்குத் திருப்தியில்லை. நெரிசலில் நின்றால் எஞ்சின் கொதிக்கும். முதலில் வந்த கார்களில் முன்மூடியைத் திறக்கவே தனியாக ஒரு திறப்பு வேண்டும், அதுவும் வெளியே நின்று.

இதில் எங்களுக்குப் பிடித்த பகுதி அடுத்து நடந்ததுதான். 1962இலேயே கால் வைக்கிற தரையைப் பள்ளமாக்கினார்கள். 1964இல் 4.2 லீற்றர் எஞ்சினோடு வந்த அடுத்த ஈ-டைப்பில் இருக்கை புதிது, எல்லாக் கியருக்கும் சிங்க்ரோமெஷ், பிரேக் உதவிக் கருவி புதிது. உச்ச வேகம் அப்படியே கிடந்தது. அதாவது சஞ்சிகைகள் கொண்டாடிய எண்ணில் கை வைக்காமல், ஓட்டினவர்கள் புறுபுறுத்ததைத்தான் மூன்று வருடமாகத் திருத்தியிருக்கிறார்கள். 1961இன் 150.4ஐ இன்றைக்கும் எல்லாரும் சொல்கிறார்கள். 1964இன் கியர்பெட்டியை யார் நினைக்கிறார்கள்?

விமர்சகர்கள் பொய்யர்கள் என்பதில்லை. அவர்கள் அளப்பது அளக்க வசதியானதை. பூச்சியத்திலிருந்து 60 மைல் வேகத்துக்கு எத்தனை செக்கன் என்ற கணக்கை 1940களில் அமெரிக்க எழுத்தாளர் ரொம் மக்கஹில் பிரபலமாக்கினார் என்பார்கள். நல்ல கணக்குத்தான், இரண்டு காரை ஒப்பிடலாம். ஆனால் கார் ஒரு கிழமைக்கு இரவலாக வரும், கழுவித் துடைத்து, பெற்றோல் நிரப்பி. கொடுப்பவர் தயாரிப்பாளர். அந்தத் தயாரிப்பாளரின் விளம்பரம் அடுத்த பக்கத்தில். பெராரி நிறுவனம் ஒவ்வொரு சோதனைக்கும் ஏற்றபடி கார்களைத் தனியாகச் சீர்செய்து அனுப்புகிறது என்று 2011இல் வெளிப்படையாக எழுதிய கிறிஸ் ஹரிஸ், கொஞ்சக் காலம் அந்த நிறுவனத்தின் கார்களை ஓட்ட முடியாமல் போனார். ஈ-டைப்புக்கு அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் அதே கதை.

வேறு வழியில் போனவர்களும் இருந்தார்கள். 1935இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், பொருட்களைச் சோதித்துத் தரம் சொல்லும் நிறுவனமொன்றில் வேலை நிறுத்தம் வெடித்தது. வெளியே வந்த தொழிலாளர்கள் 1936இல் சொந்தமாகத் தொடங்கியதுதான் இன்று கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் என்று அறியப்படுகிற அமைப்பு. விளம்பரம் எடுப்பதில்லை. காரை இரவல் வாங்குவதில்லை. கடையில் மற்றவர்களைப் போலக் காசு கொடுத்து, தாங்கள் யாரென்று சொல்லாமல் வாங்குவார்கள். ஏறத்தாழ 3,200 கிலோமீற்றர் சும்மா ஓடவிட்ட பிறகே சோதனை. அதோடு, வருடாவருடம் தங்கள் உறுப்பினர்களிடம் "உங்கட கார்ல என்ன பழுதானது?" என்று கேட்டுத் தொகுப்பார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களுக்கு இவர்களைப் பிடிக்காது. உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் புள்ளி போடுகிறமாதிரிக் காருக்கும் போடுகிறார்கள் என்பது பழைய நக்கல். நியாயம் கொஞ்சம் இருக்கு. பொருட்களை வைக்க இடம் போதாது என்று ஸ்போர்ட்ஸ் காரைக் குறைசொன்னால் சிரிப்பு வராதா?

ஆனால் எதிர்ப்பக்கத்திலும் சிரிப்பு இருக்கிறது. 1990இல் ஹொண்டா என்.எஸ்.எக்ஸ். வந்தபோது அதன்மேல் வைக்கப்பட்ட பெரிய குறை, அதில் குறை இல்லை என்பது. கிளச் லேசு, நாலு பக்கமும் தெளிவாகத் தெரியும், தினமும் ஸ்டார்ட் ஆகும். 'உயிரில்லை' என்றார்கள் விமர்சகர் பலர். மக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கோர்டன் மரே மட்டும் ஒன்றை வாங்கி ஏழு வருடம், 75,000 கிலோமீற்றர் வரை ஓட்டினார். தன் காரின் ஓட்டத்துக்கும் சொகுசுக்கும் அதையே அளவுகோலாக வைத்ததாக எழுதியும் இருக்கிறார். அப்படியிருந்தும் பதினைந்து வருடத்தில் விற்றது 18,000 அளவில்தான். வாங்குகிறவர்களும் விமர்சகரின் கண்ணால்தான் பார்க்கிறார்கள் போல.

அப்ப, உரிமையாளர் சொல்வதுதான் உண்மை என்று முடித்துவிடலாமா? 2015 அதையும் குழப்பியது. அந்த ஓகஸ்டில் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ், டெஸ்லா மொடல் எஸ் பி85டி என்ற காருக்கு 100க்கு 103 புள்ளி கொடுத்தது. நாலு கதவு மின்சாரக் கார், ஆனால் 3.5 செக்கனில் 60 மைலைத் தொட்டு, ஸ்போர்ட்ஸ் கார்களை வெட்கப்படவைத்தது. புள்ளி முறையையே மாற்றவேண்டி வந்தது. இத்தனைக்கும் அவர்கள் வாங்கிய அதே காரில், வாங்கி ஒரு மாதம் ஆகமுன், சாரதிப் பக்கக் கதவின் கைபிடி வேலை செய்யாமல் போயிருந்தது!

ஒக்டோபரில் சுமார் 1,400 உரிமையாளர்களின் பதில்கள் வந்தன. மோட்டார், சார்ஜ் கருவி, நடுத்திரை, கூரையிலிருந்து சத்தமும் ஒழுக்கும் என்று முறைப்பாடுகள். 103 வாங்கிய காருக்கான பரிந்துரையை இரண்டு மாதத்தில் அமைப்பே விலக்கிக்கொண்டது. ஆனால் அதே அமைப்பின் கணக்கில், உரிமையாளர்களில் 97 வீதமானோர் அடுத்ததும் டெஸ்லாதான் வாங்குவோம் என்றார்கள். பழுதாகிறது என்று எழுதினதும் இவர்கள், திரும்ப வாங்குவம் எண்டதும் இவர்கள்.

எங்களுக்குள் இதில் சண்டையே வந்தது. பெரிய காசு கொட்டினவன் தன் காரைக் குறை சொல்லமாட்டான் என்றார் ஒருவர். இல்லை, பழுதும் பிரியமும் வேறுவேறு கணக்கு என்றார் இன்னொருவர். இரண்டாமவரின் பக்கம்தான் நாங்கள் கடைசியில் சாய்ந்தோம், அதற்குக் காரணம் டெஸ்லா இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின, ஸ்டார்ட் பண்ண மட்டும் ரெண்டு சொட்டுப் பெற்றோல். புகையும் நாற்றமும் தாங்காது, எஞ்சின் கெட்டுப்போகும். அந்தக் கார்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் ஒரு குறை சொல்லமாட்டார்கள்.

2016 கணக்கெடுப்பில் மொடல் எஸ் சராசரிக்கு ஏறியது. பரிந்துரையும் திரும்பக் கிடைத்தது. இதெல்லாவற்றையும் கராச் அண்ணையிடம் போய்ச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் கைபிடியைத் தனியா வாங்கலாமோ, இல்லை முழுக் கதவையும் மாத்தோணுமோ என்று கேட்டார்.