ரெஸ்ட் எடுத்தால் கால் சரியாகுமா? தாம்பரம் சானடோரியம் சொல்லும் கதை

கடற்கரையில் இருந்து வரும் மின்சார ரயிலில் குரோம்பேட்டை தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். தினமும் கேட்கும் பெயர். ஆனால் சானடோரியம் என்றால் என்ன என்று நாம் யோசிப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பெயரைப் பற்றியும், ஓடி ஓடி காலைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பற்றியும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது.

முதலில் ஓடுபவர்கள். தாம்பரம், சேலையூர், வண்டலூர் பக்கம் விடிவதற்கு முன்பே ஓடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பரிசுக்காக ஓடுபவர்கள் இல்லை. போன மாதம் பத்து கிலோமீட்டருக்கு 62 நிமிடம் ஆனது, இந்த மாதம் 60க்குள் வரவேண்டும், அவ்வளவுதான் ஆசை. அந்த ஆசையில் தூரத்தையும் வேகத்தையும் ஒரேயடியாகக் கூட்டுகிறார்கள். ஒரு நாள் குதிகாலுக்கு மேலே வலி வருகிறது. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் சுருக்கென்று பிடிக்கும். வீட்டில், "ரெண்டு மாசம் பேசாம ரெஸ்ட் எடு" என்பார்கள். கூட ஓடுபவர்கள், "ஓட ஓட சரியாயிடும்" என்பார்கள். யார் சொல்வது சரி? இந்தக் கேள்விக்கு நூறு வருட வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதி நம் சென்னையில் நடந்தது.

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் ஒன்று இருந்தது. அப்போது மருத்துவர்கள் கொடுக்க முடிந்ததெல்லாம் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. இதற்காக ஊருக்கு வெளியே கட்டிய மருத்துவமனைதான் சானடோரியம். இங்கிலாந்தில் அப்படி ஒன்றை நடத்தியவர் டாக்டர் சௌரிமுத்து. கணித மேதை ராமானுஜன் நோயுற்றபோது அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். அதே டாக்டர் 1928ல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆனால் சானடோரியம் என்றாலே படுத்துக் கிடப்பது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் ஃப்ரிம்லி சானடோரியம் 1905ல் திறந்தது. அங்கே மார்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குப் படிப்படியாக வேலை கொடுத்தார். முதலில் நடை, பிறகு கூடை சுமப்பது, பிறகு மண்வெட்டி, கடைசியில் கடப்பாரை. காய்ச்சல் ஏறினால் திரும்பவும் படுக்கைதான். இதற்கு அவர் சொன்ன காரணம் பிற்காலத்தில் நிற்கவில்லை. ஆனால் வேலையை மருந்து போல அளந்து கொடுத்தார் பாருங்கள், அந்த யோசனையை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிறகு மருந்து வந்தது. 1956ல் சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அங்கே 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி வீட்டில். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெருக்கமான வீடு, குறைந்த சாப்பாடு, ஓய்வும் கம்மி. இருந்தும் 1959ல் வெளியான முடிவில் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணம் தெரிந்தது. நோயைக் குணமாக்கியது மருந்து, படுக்கை அல்ல. உலகம் முழுவதும் சானடோரியங்களின் காலம் முடிந்ததில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

படுக்கை உதவவில்லை என்பது ஒரு பக்கம். அது கெடுதலும் செய்யும் என்று 1966ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் தெரிந்தது. இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைத் திரும்பச் சோதித்தார்கள். முப்பது வருட வயது செய்த சேதத்தை விட மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம்! ஐந்து பேர்தான், சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஓடுபவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

இருந்தும் விளையாட்டுக் காயங்களில் ஓய்வுக்கு மவுசு குறையவில்லை. 1978ல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர் ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்று நான்கு படிகளைச் சொன்னார். உலகமே பிடித்துக்கொண்டது. சுமார் முப்பத்தைந்து வருடம் கழித்து அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார்.

இப்போது குதிகாலுக்கு வருவோம். கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தடித்த நாணுக்கு அகில்லஸ் தசைநாண் என்று பெயர். 1990களில் ஸ்வீடனில் ஹோகான் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவருக்கு அதில் தீராத வலி. அவரும் ஆசைக்கு ஓடுபவர். அவர் பின்னாளில் சொன்ன கதை இது: ஆபரேஷன் செய்யச் சொல்லி மேலதிகாரியிடம் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். சரி, நிலைமை இன்னும் மோசமானால் செய்துதானே ஆகவேண்டும் என்று, வலிக்க வலிக்க அந்தக் காலுக்கே சுமை கொடுத்தார். மோசமாகவில்லை, குணமாகிவிட்டது!

அதையே ஒழுங்காக ஆய்வு செய்து 1998ல் வெளியிட்டார். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. ஒரு நாளைக்கு 180 முறை, 12 வாரம். பதினைந்து பேர் செய்தார்கள், பதினைந்து பேரும் திரும்ப ஓடினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் இவ்வளவு அமோக வெற்றி இல்லை. நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால் பலன் குறைவு. ஆனால் சுமைதான் சிகிச்சை என்ற அடிப்படை நின்றுவிட்டது. 2007ல் இன்னொரு ஸ்வீடன் ஆய்வில், ஒரு பிரிவினர் பயிற்சி செய்துகொண்டே ஓடவும் குதிக்கவும் அனுமதிக்கப்பட்டார்கள். ஒரே நிபந்தனை, வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டக்கூடாது. ஆறு வாரம் ஓடாமல் இருந்த பிரிவினரை விட இவர்கள் மோசமாகிவிடவில்லை.

பேட்டர்சன் காய்ச்சலைப் பார்த்தார், இவர்கள் வலியைப் பார்த்தார்கள். யோசனை ஒன்றுதான்.

அப்படியானால் வீட்டில் சொன்னதும் முழுச் சரியில்லை, நண்பர்கள் சொன்னதும் முழுச் சரியில்லை. நாண் அறுந்திருந்தால், எலும்பில் விரிசல் இருந்தால் ஓய்வு கட்டாயம் வேண்டும், அதனால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி ஓய்வா ஓட்டமா என்பது கேள்வியே இல்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. மூச்சு சீக்கிரம் தேறிவிடும், நாண் மெதுவாகத்தான் தேறும். அந்த இடைவெளியில்தான் பலரும் 60 நிமிடத்தைத் துரத்திப் போய் மறுபடி விழுகிறார்கள். அந்த 12 வாரத்துக்கு வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு, படியில் இறக்கிய எண்ணிக்கையை நோட்டில் எழுதி வாருங்கள். டைமிங் எங்கேயும் ஓடிவிடாது.